ஒட்டுப்பாலும் பழைய கணினியும்

“படிக்க அனுப்பினால் பழைய சாமான் வியாபாரியாகி வந்து நிற்கிறான்” என்று என் அம்மா அண்டை வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. பல்கலைக்கழக விடுமுறையில் ஈப்போ, புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டிற்கு நான் வந்துவிட்டால், என் அறையில் பாதியைக் கணினிப் பெட்டிகள் அடைத்துக்கொள்ளும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை வாங்கி, பழைய பாகங்களைச் சோதித்துச் சேர்த்து, விளையாட்டுக் கணினியாக விற்கிறேன். கல்விக் கடனுக்கு அப்பால் என் சாப்பாட்டுச் செலவையும் பேருந்துச் செலவையும் ஈடுகட்டுவது இந்த வருமானம்தான்.

இதில் எப்படி லாபம் வருகிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒருவர் கழிப்பதில்தான் இன்னொருவருக்கு வாய்ப்பு பிறக்கிறது. 2021 அக்டோபரில் வெளிவந்த வின்டோஸ் 11, இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளை ஏற்பதில்லை. வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டி அலுவலகங்கள் பல கணினிகளை மாற்றின. அதற்கு முன், 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் மின்காசு தன் முறையை மாற்றியதும், அதைத் தோண்ட இரவு பகலாக ஓடிய கிராபிக்ஸ் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2025 ஜூலையில், ஐ5-8500 கொண்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் பெட்டி ஒன்றை 520 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இத்தகைய பெட்டிகளின் பவர் சப்ளையை எளிதில் மாற்ற முடியாது. ஆகவே தனி மின்கம்பி தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 270 ரிங்கிட். புதிய எஸ்.எஸ்.டி. 110. கூடுதல் ரேம் 80. மொத்தம் 980. விற்றது 1,150. இரண்டு நாள் வேலைக்கு 170 ரிங்கிட்! அவ்வாண்டு இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. இன்று அதே கணக்கு நிற்காது.

உண்மையில் அந்த 170 ரிங்கிட் சோதனைக்கான கூலி. ஆர்எக்ஸ் 580 கார்டில் 2,304 கணிப்பு அலகுகள் இருக்க வேண்டும். 2,048 மட்டுமே உள்ள வகையும் அதே பெயரில் விற்கப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு வெப்பத்தைப் பார்க்க வேண்டும். காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்ற வேண்டும். பெயர் தெரியாத பவர் சப்ளையைப் போட்டால் நமக்குச் சில பத்து வெள்ளி மிச்சம். அது வெடித்தால் வாங்கியவருக்கு எல்லாமே போயிற்று.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் விடாமல் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோவார்களாம். பாலில் மாதிரி எடுத்துக் காயவைத்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். தண்ணீர் கலந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். பழைய கணினி வாங்குபவருக்கு அப்படியொரு நிறுவைக் கொட்டகை இல்லை. விற்பவன் வாய்ச்சொல்தான் அவருக்கு அளவுகோல்!

2025 தீபாவளிக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே ஓர் அக்கா வந்தார். அவர் பிறந்த தோட்டம் இப்போது செம்பனைக் காடு. அவருக்குத் தொழிற்சாலை வேலை. கையில் 900 வெள்ளி. நான்காம் படிவத்தில் படிக்கும் மகனுக்கு வாலரன்ட் விளையாட வேண்டும். என்னிடம் இருந்தது நான்காம் தலைமுறைக் கணினி, அடக்கம் 480. முன்பு வைத்திருந்தவர் குறுக்கு வழியில் வின்டோஸ் 11 ஏற்றியிருந்தார். திரையைப் பார்த்ததும் பையனுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் வின்டோஸ் 11-இல் வாலரன்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இதில் அது இல்லை. வின்டோஸ் 10 போட்டால் ஓடும். எத்தனை நாளைக்கு என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சொல்லாமல் விட்டால் 420 ரிங்கிட் லாபம். சொன்னேன்.

“அப்படின்னா இது கெட்டுப்போனதா தம்பி?”

“இல்லக்கா. பாடத்துக்கு நல்லா ஓடும். தம்பி கேக்குற விளையாட்டுக்குத்தான் சரிவராது.”

சிறிது நேரம் யோசித்தவர், மகளின் பள்ளி வேலைக்காக அதையே 600-க்கு எடுத்துக்கொண்டார். எனக்கு 120. பையன் என்னிடம் பேசாமலே போனான். அவன் கோபமும் நியாயம்தான்.

அன்று முதல் ஒவ்வொரு கணினியோடும் தமிழில் ஒரு தாள் எழுதித் தருகிறேன்: எந்தப் பாகம் பழையது, எது புதியது, எது ஓடும், எது ஓடாது, இடி மின்னலின்போது எந்தக் கம்பிகளைக் கழற்றிவைக்க வேண்டும் என்று. தமிழ்ப்பள்ளியில் கற்ற மொழி எனக்கு இப்படியும் பயன்படும் என்று நான் எண்ணியதில்லை.

நண்பர்களே, நம் வீடுகளில் முதன்முதலாகக் கணினி வாங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் உறவினர் ஒருவர் பழைய கணினி வாங்கப் போனால், நீங்களும் கூடப் போங்கள். கார்டை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பவர் சப்ளையின் பெயரைப் பாருங்கள். பிள்ளை விளையாட விரும்பும் விளையாட்டை அங்கேயே திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.