சிறுத்த குண்டு

வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், வட லண்டன் என்பீல்டில், 1988இல் மூடிய அரச துப்பாக்கித் தொழிற்சாலையின் காணியில் வீட்டுக்கடன் கட்டுகிறோம். 1932இல் பிரித்தானியப் படை ஏற்ற .38 றிவோல்வர் இங்குதான் உருவானது. அதற்குரிய ஈயக் குண்டு ஏறத்தாழ 0.361 அங்குலத் தடிப்பு. அமெரிக்காவில் இன்றும் வெறுங்கோதுகளை மீள நிரப்பிச் சுடுவோர் சிலர், கைக்கெட்டிய 0.358 குண்டைப் போடுவார்கள். மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் அந்த இடுக்கால் சூடான வாயு சீறி, ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும், குறியும் தப்பும். மெதுமையான ஈயமென்றால் வெடியழுத்தத்தில் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பருத்தலை நம்பித்தான் 1853ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிளுக்குக் குழலைவிடச் சிறிய குண்டு செய்தார்கள். வாய்வழியே இலகுவாக இறங்கவென்று தாளில் சுற்றிக் கொழுப்புப் பூசினார்கள். 1857இல் அந்தத் தாளைப் பல்லால் கடிக்கச் சொன்னபோது, மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ என்று வங்காளப் படைச் சிப்பாய்கள் மறுத்துவிட்டார்கள்.