நிபந்தனையுள்ள நன்கொடை

சென்ற கோடையில் காமயகவுண்டன்பட்டியில் நண்பர் ஒருவரின் திராட்சைப் பந்தலின் கீழ் அமர்ந்திருந்தோம். நம்மிடம் முன்னாளில் ஓதிய மாணவர் ஒருவரும் உடனிருந்தார். இப்போது அவருக்குப் பெங்களூரில் கணினித் தொழில். பேச்சு ‘டோர்’ என்னும் வலையமைப்பின் பக்கம் திரும்பிற்று.

அனுப்பும் செய்தியை வெங்காயத் தோல்போல் மூன்று அடுக்கு இரகசியக் குறியீட்டால் மூடி, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகளின் வழியே செலுத்துவது அதன் முறை. முதற் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது. 2006இல் இதற்கென இலாப நோக்கற்ற நிறுவனம் அமைந்தது.

“செலவு யாருடையது?” என வினவினோம்.

மாணவர் சற்றுத் தயங்கினார். “நெடுங்காலம் பெரும்பகுதி அமெரிக்க அரசுடையதுதான், ஹஜ்ரத். 2015இல் வருவாயில் 85 விழுக்காடு, 2017இல் 51.”

நமக்குத் திடுக்கிட்டது. மறைந்துகொள்ள உதவும் கருவிக்கு, உளவு பார்க்க வல்ல அரசே பணம் தருவதா? நிரல் முழுவதும் எவரும் படித்துப் பார்க்கத் திறந்தே கிடப்பதால் அதில் கள்ளக்கதவு வைப்பது கடினம் என்று அவர் சமாதானம் கூறினார். ஒப்புக்கொண்டோம். எனினும் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதில் நம் மனம் நின்றது.

தணிக்கையுள்ள நாடுகளில் தடையைத் தாண்டும் வழிகளுக்குப் பணம் வந்தது. இணையதளம் நடத்துவோரும் தம் இருப்பிடத்தை மறைத்துக்கொள்ளும் ‘வெங்காயச் சேவை’க்கோ நெடுநாள் புரவலர் இல்லை. செய்தியாளரிடம் இரகசியமாக ஆவணம் ஒப்படைக்கும் ஊழியருக்கு அதுவே காப்பு. அதன் பூட்டுப் பழசாகிவிட்டதென்று கட்டியவர்களே 2013இல் எழுதினார்கள். 2015இல் நிறுவனம் பொதுமக்களிடம் கையேந்திற்று; 2 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. 56 எழுத்து முகவரி கொண்ட புதிய பூட்டு 2018இல்தான் வந்தது. 16 எழுத்துப் பழைய முகவரிகள் 2021இல் ஒழிந்தன. பிழை களைவதற்கென்றே 2019இல் தனி நிதியொன்று தொடங்கினார்களாம்.

கேட்கக் கேட்க, நாம் முன்பு ஓதிக்கொடுத்த மத்ரஸா நினைவில் எழுந்தது. அங்கே மினாரா கட்ட ஒரு செல்வர் முன்வந்தார். ஹவுளின் கசிவை அடைக்க எவரும் வரவில்லை. மினாரா உயர்ந்தது. ஹவுள் வறண்டு கிடக்க, பிள்ளைகள் குழாயடியில் வரிசை நின்று உளூச் செய்தார்கள்.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை முத்தவல்லி மீறலாகாது. ஆயினும் வருவாயின் முதற்செலவு பழுதுபார்ப்பதே, வக்ஃபு செய்தவர் நிபந்தனையிட்டாலும் இடாவிட்டாலும். இது ஹனஃபீ ஃபிக்ஹின் தீர்ப்பு. இதை நாம் சொன்னதும் மாணவர் நிமிர்ந்தார்.

“எங்களுக்கு ஓதிக்கொடுத்த மஸ்அலாதானே, ஹஜ்ரத். அன்று கமிட்டியில் சொன்னீர்களா?”

நாம் சொல்லவில்லை. செல்வரின் மனம் கோணுமே என்று அன்று வாய் திறவாதிருந்தோம்.