நாரும் நூலும்

கற்பனை வானத்திலிருந்து இறங்கி வருவதன்று. கண்ட பொருளைக் கூர்ந்து காண்பதில் பிறப்பது. இவ்வுண்மையை நம் கட்டுரை வகுப்புகள் உணர்ந்துள்ளனவா என்பது ஆராய்தற்குரியது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர் தன்கதைக் கட்டுரையை நன்கறிவர். 'நான் ஒரு பேனா' என்று தொடங்கும். தொழிற்சாலையில் பிறந்து, கடைக்கு வந்து, மாணவன் கையில் உழைத்து, இறுதியில் குப்பைத் தொட்டியில் விழும். பேனா போய்க் குடை வந்தாலும், குடை போய்ப் புத்தகப்பை வந்தாலும் கதை மாறுவதில்லை. இம்மனப்பாட வழக்கத்திற்கு நாம் தேர்வின்மீது பழி சுமத்தினோம். ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போன பின்பும் பேனா அதே தொட்டியில்தான் விழுகிறது. ஆதலின் குறை தேர்வில் மட்டும் இல்லை.

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு ஒருமுறை மாணவர் சிலரை அழைத்துச் சென்றேன். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், மார்க்கெட் தெருவின் மளிகைக் கடைகளும், பூக்கடைகளும் அவர்கள் நாள்தோறும் கடப்பவை. கடப்பவையே அன்றிக் காண்பவை அல்ல. "ஒரே பொருளைக் கால் மணி நேரம் பாருங்கள், ஐயம் எழுந்தால் கடைக்காரரைக் கேளுங்கள்" என்று மட்டும் கூறினேன்.

பூக்கடை முன் நின்ற சிறுமி, "அக்கா, நார் எங்கே?" என்று கேட்டாள். "நாருக்கு எங்கே போவது கண்ணு? நூல்தான்" என்றார் அப்பெண்மணி. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று மனப்பாடம் செய்திருந்தவளுக்கு அது புதிய செய்தி. நார் இருந்த இடத்திற்கு வந்த நூலின் தன்கதையை அவள் எழுதினாள். "பழமொழியில் எனக்கு இடமில்லை, மாலையில் இருக்கிறது" என்று அந்நூல் பேசிற்று. எந்த மாதிரிக் கட்டுரையிலும் இல்லாத வரி அது.

பெரியவர்க்கும் இவ்வழி பொருந்துமா என்று ஐயுறுவோர் நம் இலக்கிய வரலாற்றை நோக்குக. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். நாளிதழைப் படித்தவரே மாணவராயினர். 1952இல் நேசனுக்கு வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து இலக்கிய வட்டம் நடத்தினார். சிறுவர்க்கோ தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் ஐம்பதுகளில் வாயில் திறந்தது. இவற்றிலெல்லாம் எழுதியவர்க்குக் கிடைத்த பெரும்பேறு ஒன்றே: அவர்கள் எழுதியதை ஒருவர் அக்கறையுடன் படித்தார்.

1924இல் தோன்றிய நேசன் 2019இல் நின்றுவிட்டது. அவ்விதழ் ஆற்றிய பணியின் ஒரு பங்கையேனும் இனி வகுப்பறை ஏற்க வேண்டும். மாணவர்க்குக் கொடுக்கும் தலைப்பில் ஆசிரியரும் ஒரு பக்கம் எழுதி, அதனை அவர்கள்முன் படிக்கட்டும். பிழையை எண்ணுமுன், "இதை எங்கே கண்டாய்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். தான் எழுதாத ஆசிரியர் எழுத்தைக் கற்பிப்பது, நீரில் இறங்காமல் நீச்சல் கற்பிப்பது போன்றதே.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கிய தீவு இது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த கல்விக்குச் சொந்தமான ஒரு வாக்கியத்தையேனும் எழுதத் தெரிந்த பிள்ளைகளே சான்றாவர்.