பக்கத்து ஆள்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் வகுப்பு ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றித்தான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறிவிடும். 10 பங்கைத் தொட்டால் அலாரம் அடிக்கும். 100 பங்கை நெருங்கும்போது நாற்றம் மறைந்துவிடும். வாயு அங்கேயேதான் இருக்கும், மோப்ப நரம்பு மரத்துப் போயிருக்கும். 700-ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடலாம். "மூக்கை நம்பாதீர்கள். கருவியைப் பாருங்கள், பக்கத்து ஆளைப் பாருங்கள்" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். வாயுவைப் பற்றிய பாடமாகவே அதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். என் மனதுக்கும் உடம்புக்கும் அதே விதி பொருந்தும் என்று புரிய வருஷங்கள் ஆயின.

ஓமான் நாட்டின் தெற்குப் பாலையில் ரிக் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். மஸ்கட்டிலிருந்து தெற்கே ஆதம் ஊரைத் தாண்டினால் ஹைமா வரை பெயர் சொல்லும்படி ஊர் இல்லை. பாலைவனம் என்றதும் நாம் நினைத்துக்கொள்ளும் மணல்மேடும் அந்த வழியில் இல்லை. ஜித்தத் அல் ஹராஸிஸ் என்னும் அந்தப் பீடபூமி, சரளைக்கல் பரவிய தட்டைத் தரை. வேட்டையில் அழிந்துபோன அரேபிய ஓரிக்ஸ் மானை 1982-ல் மறுபடியும் கொண்டுவந்து திறந்துவிட்ட மண் அது. பிறகு அந்த மானுக்கான சரணாலயத்தின் பரப்பில் தொண்ணூறு விழுக்காட்டை அரசு குறைத்தது. 2007-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். பரப்பைக் குறைத்ததில் எண்ணெய்க்கும் பங்குண்டு. அந்த எண்ணெயில் சம்பளம் வாங்கியவன் என்பதால் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் தெற்கே போனால் மர்முல். அங்கே எடுப்பது கனத்த எண்ணெய். ஐம்பதுகளிலேயே கண்டுபிடித்திருந்தும் 1980-ல்தான் உற்பத்தி தொடங்கியது. அதற்கு அப்பால் ஹர்வீல் பக்கத்துக் கிணறுகளில்தான் இந்த நச்சு வாயு அதிகம். எண்ணெய் நிறுவனத்தின் பெரிய கேம்ப் என்றால் ஆஸ்பத்திரி, விமான ஓடுபாதை எல்லாம் இருக்கும். ரிக் கேம்ப் வேறு மாதிரி. கிணறு தோண்டி முடிந்ததும் ரிக்கோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். போர்ட்டா கேபின்களை லாரியில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள். நேற்று மெஸ் இருந்த இடத்தில் இன்று டயர் தடம் மட்டும் இருக்கும். கடிதத்தில் எழுத எனக்கு முகவரி கிடையாது, கிணற்றின் எண்தான் உண்டு.

கேபின் இரண்டு பேருக்கு. ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட், மற்றவருக்கு இரவு. ஷிஃப்ட் என்றால் 12 மணி நேரம். நான் எழும்போது அவர் வந்து படுப்பார். மாதக்கணக்கில் ஒரே அறையில் இருந்தும் அவர் முகத்தைவிட அவர் போர்வையைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன். தூக்கம் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் ஒருவன் தூங்குகிறானா, புரண்டுகொண்டே கிடக்கிறானா என்று பார்க்க அந்த அறையில் ஆள் இல்லாமல் போகிறது.

வாயு சென்சார்களைச் சோதிப்பது என் வேலைகளில் ஒன்று. தோண்டும்போது கிணற்றுக்குள் செலுத்தும் மட் என்னும் சேற்றுக்கரைசல் திரும்பி வெளிவரும் வாய், ஷேல் ஷேக்கர், மட் டேங்க், ரிக் தளத்துக்குக் கீழே இருக்கும் செல்லார் குழி என்று பல இடங்களில் அவை இருக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில்தான் தேங்கும். அதனால் சென்சாரையும் தாழ்வாகவே பொருத்துவோம். சிறிய சிலிண்டரிலிருந்து அளந்த வாயுவைச் சென்சாரின் வாயில் காட்டுவேன். எண் ஏறும், விளக்கு சுழலும், சைரன் அலறும். சரி என்று கையெழுத்திட்டு அடுத்ததற்குப் போவேன். இந்த வேலையை நான் ஒருநாளும் அலட்சியமாகச் செய்ததில்லை. 2003 டிசம்பர் 23 அன்று சீனாவின் சோங்சிங் பகுதியில் ஓர் எரிவாயுக் கிணறு கட்டுமீறி வெடித்ததைப் பயிற்சியில் படமாகக் காட்டியிருந்தார்கள். இறந்தவர்கள் 243 பேர். பெரும்பாலானவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள். கிணற்றிலிருந்து வந்த இந்த வாயு இரவில் பள்ளத்தாக்கு வழியே இறங்கி வீடுகளுக்குள் போயிருக்கிறது. நானும் கிராமத்தில் பிறந்தவன். அந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் ஒவ்வொரு சென்சாரையும் ஒரு வீட்டு வாசலாகவே நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் குழுவில் ஹராஸிஸ் குலத்தைச் சேர்ந்த ஃப்ளோர்மேன் ஒருவர் இருந்தார். அவர்கள் வீட்டில் பேசும் ஹர்ஸூஸி மொழிக்கு எழுத்து கிடையாது. எங்களிடம் அரபியும் இந்தியும் கலந்து பேசுவார். காற்றின் திசை பார்க்க எல்லோரும் கம்பத்தில் பறக்கும் துணிப்பையை அண்ணாந்து பார்ப்போம். அவர் ஒரு நொடி நின்று முகத்தைத் திருப்பினாலே போதும், திசை சொல்லிவிடுவார். அலாரம் அடித்தால் காற்று வரும் பக்கம் ஓட வேண்டும் என்பதால் இது உயிர் காக்கும் அறிவு. காற்று அடங்கிப்போகும் நேரங்களை மட்டும் அவரும் நம்புவதில்லை. அப்போதெல்லாம் அன்றைக்குத் தன் ஜோடியாக வேலை செய்பவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வந்தால் போதும், வேலையைத் தொடர்வார்.

வெயிலும் இதே பாடத்தைத்தான் சொன்னது. ஒரு கோடையில் ரவுஸ்டபௌட் என்னும் உதவித் தொழிலாளி ஒருவர் போல்ட்டை எதிர்த்திசையில் திருகிக்கொண்டே இருந்தார். கேட்டால் "டீக் ஹை, டீக் ஹை" என்று தலையாட்டினார். மேஸ்திரி அவர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கி, நிழலுக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டினார். வெப்பவாதத்தில் உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் குழம்புவது மூளைதான். குழம்பிய மூளையிடம் "நீ நலமா?" என்று கேட்டு என்ன பயன்? களைப்பும் அப்படித்தான். 2005 மார்ச் 23-ல் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். ஆலையை இயக்கியவர்களில் சிலர் 29 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தவர்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அவர்களைத் தனித்தனியே கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் வேலை செய்ய முடியும் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அம்மா இறந்த செய்தி கேம்ப்புக்கு வந்தது. வண்டி, விமானம், மறுபடி வண்டி என்று நான் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வந்து, வந்த அன்றே இரவு ஷிஃப்டில் ஏறினேன். யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. அழுகை வரவில்லை, கை நடுங்கவில்லை, சென்சார் சோதனைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இதற்கு மேல் நலம் என்பது என்ன என்று நினைத்தேன்.

கண்டுபிடித்தவர் மெஸ் சமையல்காரர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வரும் தட்டுகளைப் பார்ப்பது அவர் வழக்கம். எது மிச்சமாகிறது என்று தெரிந்தால்தானே மறுநாள் அளவு போட முடியும். ஒரு விடியற்காலை என் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "என்ன மக்களே, கொஞ்ச நாளா சோறு அப்படியே வருது? ரசத்த மட்டும் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போறியே." பசி இல்லை அண்ணாச்சி என்றேன். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதே வாரத்தில் ஹராஸிஸ் நண்பரும் சொன்னார்: "ஸதீக் (நண்பா), கூப்பிட்டால் நீ பதில் சொல்ல நேரமாகிறது." அவர் அதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை, ரிக் பொறுப்பாளரான டூல்புஷரிடமும் சொன்னார். சமையல்காரர் மெடிக்கிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளிநாட்டில் காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவனுக்கு "ஆளுக்கு உடம்பு சரியில்லை" என்ற பேச்சே ஆபத்து. விசா, கடன், தங்கை கல்யாணம் என்று எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கும். என் பிழைப்பில் மண் போட்டீர்களே என்று அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன். அவர் அசையவில்லை. "நீ திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கணும்லா" என்றார்.

மெடிக் ஒரு ஃபிலிப்பினோ. அவர் மருந்து எதுவும் தரவில்லை. என்னைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி எழுதினார். சிலநாள் தனியாகச் செல்லாருக்கு இறங்கக் கூடாது என்றார். தினமும் மாலையில் தன் கேபினுக்கு வந்து கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். போய் உட்கார்ந்தேன். நாலைந்து நாள் கழித்து, அம்மா முருங்கைக்கீரை ஆய்கிற விதத்தைப் பற்றி எதையோ சொல்ல வாயெடுத்தேன், பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றிரவு தூங்கினேன். தூங்கி எழுந்த பிறகுதான் இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

வேலை போகவில்லை. போயிருக்கவும் கூடும், அதுதான் உண்மை. உடம்பையோ மனதையோ பற்றி வாய் திறந்தவர்களை அடுத்த க்ரூ சேஞ்சில் திரும்பக் கூப்பிடாத இடங்களையும் பிறகு பார்த்தேன். அப்படிப்பட்ட இடங்களில் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல நான் யார்? பக்கத்து ஆளைப் பார் என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால் போதாது. பார்த்ததைச் சொன்னவனுக்கும் சொல்லப்பட்டவனுக்கும் சோறு நிலைக்கும் என்ற உறுதி வேண்டும். எனக்கு அது கிடைத்தது அந்த டூல்புஷர் நல்லவராக இருந்ததால். நல்லவர் வாய்த்தால்தான் கிடைக்கும் என்று அதை விட்டுவைக்கக் கூடாது.

லீவில் ஊருக்குப் போனபோது மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "போன்ல என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டா, சாப்ட்டேன்னு மட்டும் சொல்வீங்க. என்னன்னு சொல்ல மாட்டீங்க. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நல்லா இருக்கேன்னு போன வெச்சிருவீங்க." அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் "சரியில்லை" என்று சொன்னால் நான் மறுத்துப் பேசக் கூடாது, அன்றே மெடிக்கைப் போய்ப் பார்க்க வேண்டும். சில தடவை அவள் கணிப்பு தவறாகவும் இருந்திருக்கிறது. அப்போதும் போனேன்.

நான் சேர்ந்த காலத்தில் கேம்ப்பில் பொதுவாக ஒரு டிவி அறை இருந்தது. கிரிக்கெட்டோ படமோ, எதுவானாலும் அங்கே கூடித்தான் ஆக வேண்டும். கேபினுக்குக் கேபின் வைஃபை வந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமா? ஆனால் டிவி அறை காலியானது, பிறகு அதை ஸ்டோர் ஆக்கிவிட்டார்கள். இளைஞர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு கேபினுக்கே போய்விட ஆரம்பித்தார்கள். தட்டு மறுநாள் கழுவி வரும், அதில் எது மிச்சமானது என்று யாருக்கும் தெரியாது.

சீனியர் ஆனதும் எங்கள் குழுவில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ராத்திரிச் சாப்பாட்டை மெஸ்ஸில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அந்த அரைமணி நேரம் போன் கேபினில் இருக்க வேண்டும். புதிதாக வந்த பையன்கள் முணுமுணுத்தார்கள். வீட்டோடு பேசக் கிடைக்கிற நேரமே கொஞ்சம், அதில் அரைமணியைப் பிடுங்குகிறாரே என்று ஒருவன் கேம்ப் பாஸிடம் புகார்கூடச் சொன்னான். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் சாப்பாட்டு நேரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளி, அவர்கள் ஊரில் குழந்தைகள் தூங்குவதற்குள் பேசி முடிக்கும்படி மாற்றிக் கொடுத்தோம். போன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரவில்லை.