ஓட்டுநர் இருக்கையும் ஒரு கறுப்புக் கம்பியும்



இம்முறை பாடத்திட்டம் பற்றியோ மதிப்பீடு பற்றியோ எழுதப்போவதில்லை. பழைய மகிழுந்து ஒன்றின் மின்விசை இருக்கையைப் பற்றி எழுதப்போகிறேன். இதில் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் தோட்டப்புறப் பள்ளிகளின் முன்னால் நிற்கும் வண்டிகளைச் சற்றுப் பாருங்கள். அவற்றுள் பல பதினைந்து, இருபது ஆண்டு கண்டவை. அவை ஓடினால்தான் பள்ளியும் ஓடும்.

எங்கள் வண்டி 2004-இல் பதிவான புரோட்டோன் பெர்டானா வி6. மித்சுபிசி எத்தெர்னாவை அடிப்படையாகக் கொண்டு உருவான பெர்டானா, ஒரு காலத்தில் அமைச்சர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் பவனி வந்த வண்டி. அதன் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கூறித் திரங்கானு மாநில அரசு 2008-இல் மெர்சிடிஸ் வாங்கியதும், அது நாடெங்கும் பேசப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். மாநில அரசுக்கே கட்டுப்படியாகாத வண்டி ஓர் ஆசிரியையின் வீட்டுக்கு எதற்கு? மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கையை நகர்த்தக் கைப்பிடி கிடையாது. பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால், அடியில் உள்ள மோட்டார் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும். என் கணவர் ஆறடி உயரம். நான் ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும் நிற்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்துச் சென்று வந்தார். மறுநாள் விடியற்காலையில் நான் பொத்தானை அழுத்தியபோது இருக்கை அசையவில்லை. கடைசி வரை பின்னால் போய் நின்றிருந்தது. பிரேக்கை என் கால் நுனியால்தான் தொட முடிந்தது.

முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டும்படி சிலர் அறிவுரை கூறினர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது நம் உடல் பின்னால் அழுந்தும். தலையணை நசுங்கிக் கால் பின்வாங்கும். முழு வலிமையும் தேவைப்படும் அந்த ஒரு நொடியில் அது கிடைக்காது.

கோல சிலாங்கூரிலிருந்து கம்போங் குவாந்தான் வழியாகப் பெஸ்தாரி ஜெயா பக்கம் போகும் என்னோடு, அண்ணன் தங்கையான இரண்டு மாணவர்கள் நாள்தோறும் வருவார்கள். அவர்களின் தாயார் விடிவதற்கு முன்பே தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அந்தப் பாதையில் பள்ளி வேன் வருவதில்லை. சக ஆசிரியை ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். அவருடைய சிறிய வண்டியில் அவர் பிள்ளைகள் போக ஓர் இடந்தான் இருந்தது. அந்த வாரம் அவ்விருவரும் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. எங்களுடையது 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளி. எங்கள் வகுப்பறையில் காலியாக உள்ள நாற்காலி கண்ணை உறுத்தும்.

நான் முதலில் அணுகிய பட்டறையில் பொத்தானை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “மோட்டார் போயிருச்சு டீச்சர், ஹாஃப்கட் கடையில முழு சீட்டே எடுத்து மாத்திரலாம்” என்றார்கள். 1,200 ரிங்கிட். ஒரு மீட்டரைக்கூட எடுக்காமல் வந்த தீர்ப்பு. குறைநீக்கல் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும்போதும் சில வேளைகளில் இப்படித்தான் நடக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எங்கள் தாமானில் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் அழைப்பேன். சனிக்கிழமை காலை வந்தவர், கருவி எதையும் தொடாமல் சில கேள்விகள் கேட்டார். இருக்கை முன்னும் பின்னும் மட்டும் நகரவில்லையா, உயரமும் சாய்வும்கூட மாறவில்லையா? எதுவுமே அசையவில்லை என்றேன். “அப்ப மோட்டார் இல்லம்மா. எல்லா மோட்டாரும் ஒரே நாள்ல சாகாது” என்றார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. ஓர் அசைவு மட்டும் நின்றால் அந்த மோட்டாரையோ அதன் பொத்தானையோ சந்தேகிக்கலாம். முன்னால் போகிறது, பின்னால் வரவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டார் நல்லது, பொத்தானின் உட்புறந்தான் தேய்ந்திருக்கும். மோட்டார் முனகியும் இருக்கை நகரவில்லையென்றால் பற்சக்கரமோ தண்டவாளமோ சிக்கியிருக்கும். எல்லாமே ஒன்றாக நின்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். அதாவது ஃபியூஸ், மின்சாரம் வரும் கம்பி, அது திரும்பிச் செல்லும் எர்த் கம்பி.

கதவைத் திறந்து, கூரை விளக்கு எரியும்போது என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். விளக்கு மங்கினால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, ஆனால் சுழல முடியாமல் தவிக்கிறது என்று பொருளாம். விளக்கு துளியும் மங்கவில்லை. ஃபியூஸும் நன்றாகவே இருந்தது.

இருக்கை பின்னால் இருந்ததால் அடியில் உள்ள சாக்கெட்டை முன்புறமிருந்து எட்ட முடிந்தது. (மஞ்சள் நிறச் சாக்கெட் தென்பட்டால் அது காற்றுப்பைக்குரியது, அதைத் தொடவே வேண்டாம்.) மல்ட்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். மின்சாரம் ஒழுங்காக வருகிறதே, பட்டறைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று எண்ணினேன்.

மாமா பையிலிருந்து கம்பி பற்றவைத்த ஒரு பழைய பிரேக் விளக்கை எடுத்தார். 21 வாட் குமிழ். “மீட்டர் வேலை வாங்காது டீச்சர், சும்மா எட்டிப் பாக்கும். இது வேலை வாங்கும்.” சாக்கெட்டின் இரு முனைகளிலும் அதை இணைத்தார். குமிழ் செத்த மின்மினிபோல் மங்கலாக ஒளிர்ந்தது. பிறகு எர்த் முனையை மட்டும் எடுத்துவிட்டு, அந்தக் கம்பியை வண்டியின் வெறும் இரும்பில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது!

வருகிற வழியில் பழுதில்லை, திரும்பும் வழியில்தான் பழுது. கம்பியில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவு குறைவு. மோட்டார் கேட்கும் மின்சாரத்தை அந்த இழைகளால் சுமக்க இயலாது.

கறுப்பு நிற எர்த் கம்பியைப் பின்தொடர்ந்து தரைவிரிப்பைத் தூக்கினோம். எலி கடித்திருந்தது. நாள்தோறும் செம்பனை மரங்களை ஒட்டி வண்டியை நிறுத்துகிறேன். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானதே பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனைப் பழம் உள்ள இடத்தில் எலிக்கு என்ன குறை? எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைகளுக்குக் கூண்டு வைத்து வளர்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆந்தை என் வண்டிக்குள் வர முடியாதே.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கடித்த பகுதியை வெட்டியெறிந்து, அதே தடிமனுள்ள வண்டிக் கம்பியைப் பற்றவைத்து, மேலே உறை சுருக்கினார். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஆகாது, அதிர்வில் முறிந்துவிடும் என்றார். பொருள்களுக்கு 18 ரிங்கிட் ஆனது. பணம் வாங்க மறுத்துவிட்டார். மனைவிக்குப் பிடிக்குமென்று சொன்னதால் முறுக்கு கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை அண்ணனும் தங்கையும் வழக்கம்போல் பின்னிருக்கையில் இருந்தார்கள்.

அந்தக் கடிபட்ட கம்பித் துண்டை நான் எறியவில்லை. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்சுற்று வரும்போது, மின்கலத்திலிருந்து குமிழுக்கு ஒரு கம்பி போனாலே போதும் என்று எண்ணும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். படம் வரையச் சொன்னால் திரும்பும் கம்பியைத்தான் விட்டுவிடுவார்கள். இம்முறை பழைய வண்டிப் பேட்டரியையும் மாமாவின் பிரேக் விளக்கையும் மேசையில் வைத்து, திரும்பும் வழியில் இந்தத் துண்டை இணைத்தேன். குமிழ் மங்கியது. நல்ல கம்பியை இணைத்தேன், ஒளிர்ந்தது. “போற கம்பிய மாத்தவே இல்லயே டீச்சர்!” என்றான் ஒருவன். படத்தை மீண்டும் வரையச் சொன்னேன். ஒருவர்கூடத் திரும்பும் கம்பியை விடவில்லை.

பின்வரிசையிலிருந்து அந்தத் தங்கை கை உயர்த்தினாள். எலிக்கு ஷாக் அடிக்கவில்லையா என்று கேட்டாள். 12 வோல்ட்தானே, அதுவும் எர்த் கம்பி, எலிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். அப்படியானால் அது இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறதா என்றாள். அன்று மாலை வீடு திரும்பும்வரை இருவரும் கால்களை இருக்கையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்கள்.