பேசாத லென்ஸ்

இன்றைய கேமராவும் அதன் லென்ஸும் தமக்குள் ஓயாது பேசிக்கொண்டிருப்பவை. சிறு மின்தொடுமுனைகள் வழியாகத் துளையின் அளவும் குவியத்தூரமும் லென்ஸின் பெயரும் பரிமாறப்பட்டுப் படக்கோப்பில் பதிவாகின்றன. அத்தகைய கேமராவில் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸைப் பொருத்தினால் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. கண்ணாடி, உலோகம், சிறிது மசகு ஆகியவற்றாலான பொருள் அது. ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்னும் அமைப்பை இயக்கினாலொழியப் பல கேமராக்களில் ஷட்டர் திறப்பதில்லை. கேமராவின் கணக்கில் அங்கே எதுவும் இல்லை.

ஆயினும் அது பொருந்துகிறது. எம்42 எனப்படும் 42 மி.மீ. மரை கொண்ட லென்ஸ், உணரியிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். நிக்கானின் எஃப் வகைக் கேமராக்களில் அத்தொலைவு 46.5 மி.மீ.; ஆகவே திருத்தக் கண்ணாடி இல்லாமல் தொலைதூரக் காட்சி அதில் தெளியாது. கண்ணாடியற்ற கேமராக்கள் 2008 முதல் வரத் தொடங்கியபின் நிலைமை மாறியது. சோனியின் இ வகையில் அந்தத் தொலைவு 18 மி.மீ. மட்டுமே. மீதி 27.46 மில்லிமீட்டரை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. புதிய கருவி இடம் விட்டதனால் பழையது உள்ளே வர முடிந்தது.

வந்தபின் பொறுப்பு முழுவதும் கைக்கு மாறுகிறது. 58 மி.மீ. குவியத்தூரத்தில், எஃப்/2 துளையில், ஒன்றரை மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரைப் படமெடுத்தால், முழுச்சட்டக உணரியில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 8 செ.மீ. கண் தெளிந்தால் காது மங்கத் தொடங்கும். எதைத் தெளிவாக்குவது என்பதை எடுப்பவரே தீர்மானித்து, திரையைப் பெருக்கிப் பார்த்து, வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். அந்தச் சில நொடிகளில் எதிரில் இருப்பவரும் தம்மைச் சரிசெய்துகொள்கிறார். கள ஆய்வில் பிறர் முகங்களைப் பதிவுசெய்வோருக்கு இந்தத் தாமதம் ஒரு மரியாதை.

எல்லாப் பணிக்கும் இது உகந்ததன்று. ஓலைச்சுவடியையோ கையெழுத்துப் பக்கத்தையோ விளிம்புவரை சீராகப் படியெடுக்க, அதற்கென அமைந்த மேக்ரோ லென்ஸே வேண்டும். ஹீலியோஸின் விளிம்புகள் அகன்ற துளையில் குழைந்துவிடும். மேலும், படக்கோப்பில் துளைக்குரிய இடம் வெறுமையாகவோ சுழியமாகவோ நிற்கும். அதை நாட்குறிப்பில் எழுதாதவரின் ஆவணம் குறையுடையதாகவே இருக்கும்.

ஆனால் காலம் என்னும் அளவுகோலை எடுத்தால் கணக்கு மாறுகிறது. இன்றைய கண்ணாடியற்ற கேமராக்களுக்கான லென்ஸ்கள் பலவற்றில் குவிய வளையம் ஒரு மின்சைகை மட்டுமே. கேமராவைக் கழற்றிவிட்டால் வளையம் சுழலும், கண்ணாடி நகராது. ஹீலியோஸிலோ தொலைவும் துளையும் உடலிலேயே எண்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. படிக்கத் தெரிந்த எவரும் அதை இயக்கலாம். தயாரித்தவரின் மென்பொருளில் மட்டும் திறக்கும் அகராதித் தரவுக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய உரைக்கோப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மறையும் நிலையிலுள்ள மொழியொன்றைப் பதிவுசெய்பவர் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தார் என்பதைப் பொறுத்தே, அரை நூற்றாண்டுக்குப் பின் அச்சொற்கள் எவருக்கேனும் கிட்டும்.

பழைய லென்ஸும் சாகாவரம் பெற்றதன்று. நம் மழைக்காலத்தின் ஈரம் அதற்குப் பகை. தோலுறைக்குள் பல்லாண்டு அடைபட்ட லென்ஸில் பூஞ்சை நூல்நூலாகப் படரும். நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த தடத்தை எவராலும் துடைத்தெடுக்க முடியாது. அதைத் தோலுறையிலிருந்து எடுத்து, காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அவ்வப்போது வெளிச்சத்தில் பயன்படுத்தினால் நெடுங்காலம் நிற்கும். பெற்றோரின் பழைய கேமரா ஏதேனும் அலமாரியில் உறங்கினால், அடுத்த மழைக்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.