காந்தியின் கடிகாரமும் 410ஆம் பிரிவும்

2009 மார்ச் முதல் வாரத்தில் பெங்களூர் வக்கீல் சங்க அறையில் நாங்கள் வேறு எந்த வழக்கையும் பற்றிப் பேசவில்லை. காந்தியடிகளின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, உணவுக் கிண்ணம், தட்டு, ஜெனித் வெள்ளிக் கடிகாரம் ஆகியவற்றை ஆன்டிகோரம் என்ற ஏல நிறுவனம் மார்ச் 5ஆம் தேதி நியூயார்க்கில் ஒரே தொகுப்பாக விற்கவிருந்தது. நவஜீவன் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் மார்ச் 3ஆம் தேதி இடைக்காலத் தடை கொடுத்தது. தடை இருந்தும் ஏலம் நடந்தது. 20,000 முதல் 30,000 டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்த அந்தப் பொருட்களை எங்கள் ஊர்க்காரரான விஜய் மல்லையாவின் சார்பில் 18 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். நான் அதில் யாருக்கும் ஆஜராகவில்லை, வெளியிலிருந்து பார்த்தவன்தான். ஆனால் சொந்தம் என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை நான் வாதாடிய எந்த வழக்கும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

அந்தக் கடிகாரம் முன்பே ஒருமுறை திருட்டுப்போனது. இந்திரா காந்தி அன்பளிப்பாகக் கொடுத்த அலாரக் கடிகாரம் அது. 1947இல் ரயில் பயணத்தில் கான்பூரில் யாரோ அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேரத்தை ஒரு அறக்கடமையாகவே நினைத்த காந்தி அந்த இழப்பைப் பற்றி எழுதவும் செய்தார். ஆறு மாதம் போல் கழித்து எடுத்தவரே டெல்லிக்கு வந்து மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். மனதை நெகிழ வைக்கும் இந்தச் சம்பவத்தில் ஒரு வக்கீலின் கண்ணுக்கு இன்னொன்றும் படும். திருட்டுச் சொத்து எது என்று விளக்கிய, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 410ஆம் பிரிவு, அது உரியவர் கைக்குத் திரும்பிய கணமே திருட்டுச் சொத்து என்ற தன்மையை இழந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஆக, காந்தியின் கையில் அது மீண்டும் வந்து சேர்ந்தபோது கான்பூர் திருட்டு சட்டத்தின் கணக்கிலிருந்து முழுவதுமாக நீங்கிவிட்டது.

அதன்பின் காந்தி அந்தக் கடிகாரத்தைத் தம் பேத்தி முறையுள்ள ஆபாவுக்குக் கொடுத்தார். 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டபோது பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்களில் ஆபாவும் ஒருவர். காந்தி 1940இலேயே உயில் எழுதியிருந்தார். தமக்கென்று சொத்து எதுவும் இருப்பதாகத் தாம் கருதவில்லை, ஆனாலும் சட்டப்படியோ வழக்கப்படியோ தம்முடையது என்று எது கருதப்பட்டாலும் அது நவஜீவனுக்கே சேர வேண்டும் என்பது அதன் சாரம். நவஜீவனுக்கு இதைவிட வலுவான ஆவணம் கிடையாது. ஆனால் உயில் பேசுவது இறக்கும்போது கையில் இருந்த பொருளைப் பற்றி மட்டுமே. உயிரோடு இருக்கும்போது தாமே எடுத்துக் கொடுத்த பொருளை அது தொடாது. அசையும் பொருளைத் தானம் செய்யப் பத்திரம் வேண்டியதில்லை, கையில் ஒப்படைத்தாலே போதும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஒரு வயதானவர் தம்மைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு அன்போடு கொடுத்தது சட்டத்தின் பார்வையில் முழுமையான உரிமை மாற்றமாக நின்றது. அந்தக் குடும்பத்தின் வழியாகக் கடிகாரத்தைப் பெற்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் ஓட்டிஸை யாரும் திருடர் என்று சொல்ல முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

தடை உத்தரவு இருந்தும் ஏலம் எப்படி நடந்தது என்று இன்றும் சிலர் என்னிடம் கோபத்தோடு கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்குள்ள நீதிமன்றம் இடும் கட்டளை, தன் அதிகார எல்லைக்குள் இருப்பவரைத்தான் கட்டிப்போடும். இன்னொரு நாட்டில் அதைச் செல்லுபடியாக்க அந்த நாட்டு நீதிமன்றம் ஏற்க வேண்டும். இறுதித் தீர்ப்பையே தயங்கித் தயங்கி ஏற்பவர்கள் இடைக்கால உத்தரவை ஏற்பது அபூர்வம். மனம் மாறிய ஓட்டிஸ் கடைசி நேரத்தில் பொருட்களைத் திரும்பப் பெற முயன்றார், ஏலக்காரர்கள் விடவில்லை. டெல்லி உத்தரவால் கிடைத்ததெல்லாம், பிறர் கோரிக்கைகள் தீரும்வரை பொருட்களை 2 வாரம் ஒப்படைக்காமல் வைத்திருப்போம் என்ற அறிவிப்பு மட்டும்தான்.

இதில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. கான்பூர் மனிதர் மனம் திருந்தாமலே இருந்து, அந்தக் கடிகாரம் கைமாறிக் கைமாறி அதே நியூயார்க் ஏல மேடைக்கு வந்திருந்தால் நவஜீவன் அநேகமாக வென்றிருக்கும். தன்னிடம் இல்லாத உரிமையைத் திருடன் யாருக்கும் விற்க முடியாது என்பது நம் சட்டத்திலும் உண்டு, நியூயார்க் சட்டத்திலும் உண்டு. காலதாமதம்கூடப் பெரிய தடையாக இருந்திருக்காது. குகன்ஹைம் அருங்காட்சியகத்திலிருந்து 1960களில் காணாமல் போன மார்க் சாகால் ஓவியம் ஒன்றை, திருட்டு என்று அறியாமல் 1967இல் வாங்கிய குடும்பம் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் வீட்டில் மாட்டி வைத்திருந்தது. உரியவர் கேட்டு, வைத்திருப்பவர் தர மறுக்கும் நாளிலிருந்துதான் வழக்குக்கான கால வரம்பு ஓடத் தொடங்கும் என்று நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1991இல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆக, திருட்டு என்பது பொருளின் மேல் உரியவர் கையை விடாமல் வைத்திருக்கிறது. அன்பளிப்போ அந்தக் கையை எடுத்துவிடுகிறது. இந்த முடிவில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நாடே பறிகொடுத்ததுபோல் தவித்த வாரத்தில் பறித்தவர் என்று ஒருவருமில்லாமல் போனதை என்னால் இன்றும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் கைகொடுத்திருக்காது. பொதுவாக 100 ஆண்டு ஆன பொருளைத்தான் அது தொல்பொருள் என்று ஏற்கும். 1910ஐ ஒட்டிச் செய்யப்பட்டதாக மதிப்பிடப்பட்ட கடிகாரம் 2009இல் அந்த வரம்பின் வாசலில்தான் நின்றது. கடல் கடந்துவிட்ட பொருளை ஏற்றுமதித் தடை திருப்பிக் கொண்டுவரவும் செய்யாது.

உரிமைக்கு உயிர் கொடுப்பது பதிவுதான் என்பதை அடுகோடியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரியவரின் வழக்கில் கண்டேன். ஜாலஹள்ளி ஹெச்.எம்.டி. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் திருட்டுப்போன அவருடைய சாவி கொடுக்கும் ஜனதா கடிகாரம், வேறொரு வழக்கில் கைப்பற்றிய அதே மாதிரிக் கடிகாரங்களோடு சேர்ந்து கிடைத்தது. “வக்கீல் சார், இதுல எது என்னதுன்னு எனக்குத் தெரியும், கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். சரியான கேள்விதான். பழுது பார்ப்பவர்கள் பின்மூடியின் உட்புறத்தில் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். பெரியவரின் கடிகாரத்தைப் பழுது பார்த்த கடைக்காரரின் நோட்டுப் புத்தகமும் மூடிக்குள் இருந்த கீறலும் ஒத்துப்போயின. வழக்குச் சொத்தைக் காவல் நிலையத்தில் கிடக்க விடாமல், படமெடுத்து, மகஜர் எழுதி, பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருந்தது. நிருபதுங்கா சாலை மாஜிஸ்திரேட் அதன்படியே உத்தரவிட்டார். ஊசிமுனைக் கீறல் இல்லாதிருந்தால் விசாரணை முடியும்வரை அவர் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

பெரிய அருங்காட்சியகங்களின் கதியும் இதிலிருந்து வேறுபட்டதல்ல. 1983 ஏப்ரலில் ஜெருசலேமின் எல்.ஏ. மேயர் அருங்காட்சியகத்தில், ஜன்னல் கம்பியை வளைத்து ஒல்லியான ஒருவன் உள்ளே நுழைந்து 106 அரிய கடிகாரங்களை அள்ளிச் சென்றான். காவலர் இருந்தார், ஆனால் எச்சரிக்கை மணி பழுதாகிக் கிடந்தது. போனவற்றில் மேரி ஆன்டுவானெட்டுக்காக 1783இல் பிரெகே பட்டறையில் சொல்லிச் செய்யத் தொடங்கிய 160ஆம் எண் கடிகாரமும் ஒன்று. அது முடிந்த 1827இல் அரசியும் இல்லை, பிரெகேயும் இல்லை. நாமன் டில்லர் என்ற அந்தத் திருடன் 2004இல் சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொன்னான். 2006இல் ஒரு வக்கீல், பெயர் சொல்லாத கட்சிக்காரருக்காக அருங்காட்சியகத்தை அணுகினார். டெல் அவிவிலும் பின்னர் பிரான்ஸ் வங்கிப் பெட்டகங்களிலுமாக 96 கடிகாரங்கள் மீண்டன. கால் நூற்றாண்டு அவை பெட்டியில் பூட்டிக் கிடந்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரெகே பட்டறை ஒவ்வொரு கடிகாரத்துக்கும் எண் போட்டுப் பேரேட்டில் ஏற்றியிருந்தது. திருட்டுக்கு 3 ஆண்டு முன்பு, 1980இல், இந்தச் சேகரிப்பின் விரிவான விவரப் பட்டியலும் நூலாக வந்திருந்தது. உலகத்துக்கே அடையாளம் தெரிந்த பொருளை எந்தக் கடையில் விற்பது?

2018இல் ஹைதராபாத் நிஜாம் அருங்காட்சியகத்தில் தங்க டிபன் கேரியரை எடுத்தவர்களும் காற்றுப்போக்கி வழியாகத்தான் இறங்கினார்கள். சில நாட்களில் பொருள் மீண்டது. வாசலில் துப்பாக்கிக் காவல் போடும் நாம் சுவரின் மேல்மூலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கோயிலிலிருந்து திருட்டுப்போன நம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்த வழியையும் மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய சிலை 2014இல் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் கோயிலுக்குள் எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதற்குப் பெரும் சாட்சி. பூட்டு தோற்ற இடத்தில் படம் வென்றது.

தனியார் கைக்குப் போன பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. மல்லையா முன்பு லண்டன் ஏலத்தில் வாங்கி வந்த திப்பு சுல்தானின் வாளைப் பற்றி நாடே பெருமைப்பட்டது. 2016இல் அவர் அதை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று பின்னர் லண்டன் நீதிமன்றத்தில் அவர் தரப்பிலேயே சொல்லப்பட்டது. அதுவும் சட்டப்படி அவருடைய உரிமைதான்.

தாத்தாவின் சிறைக் கடிதத்தையோ ராட்டையையோ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்து வரும் குடும்பங்களிடம் வாய்வார்த்தையாகக் கொடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். வரவுப் பதிவேட்டு எண்ணையும் பொருளை 4 பக்கங்களிலிருந்தும் எடுத்த படங்களையும் தானப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்கிறேன். நிறுவனம் மூடினாலோ, பொருளை வேண்டாமென்று கழித்தாலோ அது யாரிடம் போக வேண்டும் என்பதற்கு ஒரு ஷரத்து, ஆண்டுக்கொருமுறை நேரில் சரிபார்க்கும் உரிமைக்கு இன்னொரு ஷரத்து. கடைசி ஷரத்துக்குப் பல நிறுவனங்கள் முதலில் ஒப்புக்கொள்வதில்லை. அதற்காகவே நான் அதை முதல் பக்கத்தில் எழுதுகிறேன்.